ஓபன் பார்க்கிங், சென்னை வெயில், மழை: எங்கள் காரை இத்தனை வருஷம் காப்பாற்றியது எது

திருவான்மியூரில் கடற்கரைக்கு நடந்து போகிற தூரத்தில் எங்கள் அபார்ட்மென்ட். 2019ல் வாங்கிய கார் அன்றிலிருந்து இன்றுவரை நிற்பது காம்பவுண்டு சுவரை ஒட்டிய ஓபன் பார்க்கிங்கில்தான். மேலே ஒரு புங்கமரம், பாதி நாள் நிழல், மீதி நேரம் நேர் வெயில். அக்னி நட்சத்திரத்தையும் பார்த்தாச்சு, மிக்ஜாம் புயலையும் பார்த்தாச்சு. எனக்குப் பிடிபட்டது இதுதான்: வெயில் காரின் தோலைக் கெடுக்கும், தேங்கி நிற்கிற ஈரம் எலும்பையே அரிக்கும். ஆனால் பெரும்பாலும் பணம் செலவழிப்பதெல்லாம் வெயிலுக்கு மட்டும்தான்.

முதலில் பாடி கவர் பற்றிச் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் கேட்பது அதைத்தான். தினமும் வெளியே எடுக்கிற காருக்குக் கவர் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. தூசி படிந்த கார் மேல் கவரை இழுத்துப் போட்டால் அந்தத் தூசியே உப்புத்தாள் மாதிரி பெயின்ட்டைத் தேய்க்கும், அதிலும் எங்கள் பக்கம் சாயங்காலம் கடல்காற்று ஆரம்பித்தால் கவர் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும், பானெட் விளிம்பும் கண்ணாடி மூலையும் கொஞ்ச நாளில் மங்கிப்போகும். மழை நாளில் இன்னும் மோசம். மலிவான வெள்ளிக் கலர் கவர் மழையை முழுசாகத் தடுக்காது, உள்ளே போன ஈரத்தை வெளியேயும் விடாது. இரண்டு நாள் கழித்துக் கழற்றினால் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் நிற்கும், கதவைத் திறந்தால் பூஞ்சை வாடை. அடியில் எலி குடியேறி வயரைக் கடிக்கவும் அது வசதி. ஒரு வாரத்துக்கு மேல் ஊருக்குப் போனால் மட்டும் நான் கவர் போடுகிறேன், அதுவும் காரைக் கழுவி நன்றாக உலர்த்திய பிறகு. காற்றுப் போகிற துணி, பக்கவாட்டு மிரருக்குத் தனிப் பாக்கெட், வயிற்றுப் பக்கம் கட்டுகிற பெல்ட், இந்த மூன்றும் இல்லாத கவரை வாங்கவே வேண்டாம்.

தினசரி வெயிலுக்கு எனக்கு உண்மையில் உதவியது முன்கண்ணாடிக்கு உள்ளே வைக்கிற சன்ஷேட்தான். மடித்து வைக்கிற வெள்ளி ஃபாயில் ரகம், சில நூறு ரூபாய். மே மாதம் மதியம் மூன்று மணிக்குக் காரைத் திறந்தாலும் ஸ்டியரிங்கைத் தொட முடிகிறது. டேஷ்போர்டு இன்னும் வெடிக்கவில்லை, நிறம் மாறவில்லை. கறுப்பு ஃபிலிம் பக்கமே போகாதீர்கள். முன், பின் கண்ணாடிகளில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதமும் வெளிச்சம் உள்ளே வரவேண்டும் என்பது விதி, 2012ல் உச்ச நீதிமன்றமும் இதில் கறாராகச் சொல்லிவிட்டது. கதவுக் கண்ணாடிக்கு மேல் ஒட்டுகிற டோர் வைசர் போட்டால் கண்ணாடியை ஒரு விரலளவு இறக்கி வைக்கலாம், சூடு கொஞ்சம் வெளியேறும்.

பெயின்ட்டுக்கு வருவோம். நாம் பார்க்கிற நிறத்துக்கு மேல் கிளியர் கோட் என்று ஒரு மெல்லிய அடுக்கு இருக்கிறது, வெயில் தின்பது முதலில் அதைத்தான். எங்கள் தெருவில் ஒரு பழைய சிவப்புக் கார் நிற்கிறது, கூரையிலும் பானெட்டிலும் தோல் உரிந்த மாதிரி வெள்ளை வெள்ளையாகத் திட்டு. அந்த நிலைக்குப் போய்விட்டால் பாலிஷ் உதவாது, பெயின்ட்தான் அடிக்கவேண்டும். அது வராமல் தள்ளிப்போட, கோடைக்கு முன் ஒரு தடவை, ஐப்பசி மழைக்கு முன் ஒரு தடவை பெயின்ட்டுக்கு மேல் காப்பாக நிற்கிற சிந்தெடிக் சீலன்ட் பூசுகிறேன். சாதாரண வாக்ஸ் பளபளப்பாகத்தான் இருக்கும், ஆனால் நம் வெயிலில் சீக்கிரம் போய்விடும். காக்கா எச்சம் விழுந்தால் அன்றைக்கே எடுத்துவிட வேண்டும், காயவிட்டால் அமிலம் அந்த இடத்தை அரித்து நிழல் மாதிரி ஒரு தடம் விட்டுவிடும். நகத்தால் சுரண்டக்கூடாது. ஈரத் துணியை அதன்மேல் ஐந்து நிமிஷம் போட்டு வைத்து, ஊறியதும் அப்படியே தூக்கி எடுக்கணும்.

அப்புறம் தண்ணீர். போர் தண்ணீரில் வெயிலில் கழுவினால் சொட்டுச் சொட்டாக வெள்ளை உப்புக்கறை படியும். ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளுகிற தண்ணீரை வீணாக்காமல் காருக்கு ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நல்ல எண்ணம்தான், ஆனால் வடிகட்டிய உப்பெல்லாம் சேர்ந்திருப்பது அதில்தான். நான் காலையில் வெயில் ஏறுவதற்கு முன் கழுவி, உடனே மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்துவிடுவேன். உப்புக்காற்று அடிக்கிற இடத்தில் அடிப்பாகத்தையும் சக்கரத்துக்கு மேலே இருக்கிற வளைவையும் (வீல் ஆர்ச்) தண்ணீர் அடித்துக் கழுவுவது மேல்பக்கத்தைவிட முக்கியம்.

மழைக்கு முன்னால் செய்யவேண்டிய ஒரு வேலையை யாரும் சொல்வதில்லை. பானெட்டைத் திறந்தால் வைப்பருக்குக் கீழே கறுப்பு பிளாஸ்டிக் கிரில் இருக்கும், முன்கண்ணாடியில் விழுகிற தண்ணீர் முழுவதும் அதற்குள் இறங்கி இரண்டு ஓரத்திலும் இருக்கிற துளை வழியாகத்தான் வெளியே போகிறது. எங்கள் காரில் அந்த இடம் முழுக்கப் புங்க இலை, பூ, காம்பு எல்லாம் சேர்ந்து மக்கி எரு மாதிரி அப்பியிருக்கும், ஒவ்வொரு புரட்டாசியிலும் கையை விட்டு அள்ளி எடுக்கிறேன். அது அடைத்துக்கொண்டால் தண்ணீர் ஏசி புளோயர் வழியாக உள்ளே வந்து கால் வைக்கிற இடத்தில் கார்ப்பெட்டுக்கு அடியில் தேங்கும். மேலே மேட் காய்ந்திருக்கும், அடியில் ஸ்பாஞ்ச் ஊறிக் கிடக்கும், வாடை வந்த பிறகுதான் தெரியும். அதேபோல் ஒவ்வொரு கதவின் அடிவிளிம்பிலும் சின்னச் சின்னத் துளைகள் உண்டு, கண்ணாடி ஓரமாகக் கதவுக்குள் இறங்குகிற தண்ணீர் அதன் வழியாகத்தான் வடியும். பல்குத்தும் குச்சியால் குத்திப் பார்த்தால் மண்ணும் தண்ணீரும் சேர்ந்து பழுப்பாக ஒழுகும். கதவு அடியில் துரு பிடித்த கார்களில் நான் பார்த்தவரை இந்தத் துளை அடைத்துத்தான் இருந்தது. சன்ரூஃப் இருந்தால் அதன் நான்கு மூலைத் துளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மழையில் பல நாள் நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக் போட்டு வைக்காதீர்கள், பின்சக்கரத்தில் பிரேக் ஒட்டிக்கொள்ளும். சமதளமாக இருந்தால் கியரில் விட்டு, சக்கரத்துக்கு ஒரு கல் முட்டுக் கொடுத்தால் போதும்.

தெருவில் வெள்ளம் வருகிற பகுதி என்றால் மேலே சொன்ன எதுவும் காப்பாற்றாது, காரை மேட்டுக்குக் கொண்டுபோவது ஒன்றே வழி. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் காரை நிறுத்தினார்களே, அவர்கள் செய்தது முழுக்க நியாயம். தண்ணீரில் நின்ற காரைத் தயவுசெய்து ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள், இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் உள்ளே பிஸ்டனைத் தாங்குகிற கனெக்டிங் ராடே வளைந்துவிடும். சாதாரண இன்சூரன்ஸில் இந்தச் சேதத்துக்குப் பொதுவாகப் பணம் வராது, இன்ஜின் புரொடெக்ட் என்று தனியாகச் சேர்க்கவேண்டும். அதிலும்கூட, தண்ணீரில் நின்றதைத் தெரிந்தே ஸ்டார்ட் செய்தால் கிளெய்ம் சிக்கலாகும். பாட்டரி வயரைக் கழற்றிவிட்டு டோ வண்டிக்குக் காத்திருங்கள்.