சி கிரேடு வாங்கிய நர்சிங் மாணவிகளுக்கு: வடசேரி மாடி டியூஷன் பற்றி

நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். ஒரு மருந்துக்கடைக்கு மேலே மாடியில் நடக்கிறது. பெரிய போர்டு எதுவும் கிடையாது, ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்குச் சொல்லித்தான் ஆள் சேர்கிறது. நான் பி.எஸ்சி. நர்சிங் ஐந்தாம் செமஸ்டர். நாலாம் செமஸ்டர் ரிசல்ட் வந்த கையோடு இங்கே சேர்ந்தேன். அந்த ரிசல்ட்டில் பார்மக்காலஜி (மருந்தியல்), பாத்தாலஜி (நோயியல்), மரபியல் மூன்றும் சேர்ந்த தாளில் எனக்கு 51, அதாவது சி கிரேடு. பாஸ்தான், அரியர் இல்லை. ஆனால் ஐசியூவில் நர்ஸ் பிராக்டிஷனர், அதாவது மேல்படிப்பு முடித்து கூடுதல் பொறுப்பு எடுக்கும் நர்ஸ், ஆக வேண்டும் என்று பிளஸ் டூவிலிருந்தே சொல்லிக்கொண்டிருப்பவளுக்கு 51ஐப் பார்த்ததும் சோறு இறங்கவில்லை.

டியூஷன் நடத்தும் டீச்சர் அரசு மருத்துவமனையில் வார்டு சிஸ்டராக இருந்து, பிறகு நர்சிங் டியூட்டராகி ஓய்வு பெற்றவர். முதல் நாள் பாடமே எடுக்கவில்லை. நாலு செமஸ்டர் மார்க் ஷீட்டையும் வாங்கி மேசையில் பரப்பி வைத்தார். "மக்கா, அழுறது அப்புறம். முதல்ல கணக்குப் பார்ப்போம். இந்த மார்க் உன்னை எந்த வாசல்ல நிறுத்தும், எந்த வாசல்ல நிறுத்தாது?" என்று கேட்டார். என்னிடம் அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. வீட்டில் "பரவாயில்லை, அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்பார்கள். வகுப்பில் எல்லோர் முன்னாலும் மார்க்கை வாசிப்பார்கள். இரண்டுமே எனக்கு உதவவில்லை.

அவர் போர்டில் எழுதிக் காட்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், தெரியாத பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எம்.எஸ்சி. நர்சிங் சேர வேண்டுமானால் பி.எஸ்சி.யில் மொத்தமாக 55 சதவீதம் வேண்டும், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 5 சதவீதம் தளர்வு உண்டு. படிப்பு முடிந்து ஒரு வருட வேலை அனுபவமும் கேட்பார்கள். நான் ஆசைப்படும் கிரிட்டிகல் கேர் நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு இரண்டு வருட ரெசிடென்சி, ஐசியூவில் நின்று வேலை பார்த்துக்கொண்டே படிப்பது. அதற்கும் அதே 55 சதவீதமும் குறைந்தது ஒரு வருட கிளினிக்கல் அனுபவமும் வேண்டும், அது ஐசியூ அனுபவமாக இருந்தால் நல்லது. இந்த இரண்டு வாசலிலும்தான் என் மார்க் இடிக்கிறது. ஆனால் நர்சிங் ஆபீசர் வேலைக்கு எய்ம்ஸ் நடத்தும் நார்செட் தேர்வில் தகுதிக்கு டிகிரியும் நர்சிங் கவுன்சில் பதிவும் போதும். தரவரிசை அந்தத் தேர்வில் எடுக்கும் மார்க்கை வைத்துத்தான். அங்கே தப்பான பதிலுக்கு மூன்றில் ஒரு பங்கு மார்க் போகும். அமெரிக்காவில் நர்ஸாக உரிமம் வாங்க எழுதும் என்க்ளெக்ஸ் தேர்வில் பாஸ், ஃபெயில் மட்டும்தான், கல்லூரி சதவீதத்தைச் சேர்த்துக்கொள்வதில்லை.

அப்புறம் என் கணக்கு. நாலு செமஸ்டர் சேர்த்து சராசரி 53. மீதி நாலு செமஸ்டருக்கும் ஏறத்தாழ அதே அளவு மார்க் என்று வைத்தால், இனி 57 சராசரி வந்தாலே மொத்தம் 55ஐத் தொடும். "57 உன்னால முடியாதா? நாம 62 வச்சுப் படிப்போம்" என்றார். அன்றைக்கு பஸ்ஸில் தக்கலை தாண்டும் வரை அந்தப் பேப்பரையே பார்த்துக்கொண்டு போனேன். இந்த டியூஷனுக்கு நான் கொடுக்கும் காசில் பாதி அந்த ஒரு மணி நேரத்துக்கே தகும்.

பாடம் எடுக்கும் விதத்துக்கு ஓர் உதாரணம். டிஜாக்சின் என்ற இதய மருந்தை நான் மனப்பாடமாகச் சொல்வேன்: எந்த வகை, என்ன டோஸ், என்ன பக்கவிளைவு என்று வரிசையாக. டீச்சர் அதைக் கேட்கவே இல்லை. இதயம் பலவீனமான ஒரு வயசான அப்பச்சன், காலில் நீர், டிஜாக்சினும், நீரை வெளியேற்றும் ஃபியூரோசமைடு மருந்தும் போகிறது, காலையிலிருந்து குமட்டல், வெளிச்சமெல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது என்கிறார், நீ என்ன பண்ணுவாய் என்று கேட்டார். வகுப்பே மௌனம். பிறகு ஒவ்வொன்றாக எங்களையே சொல்லவைத்தார். ஃபியூரோசமைடு சிறுநீரோடு பொட்டாசியத்தையும் வெளியேற்றுகிறது. ரத்தத்தில் பொட்டாசியம் 3.5க்குக் கீழே போனால், அதே டோஸ் டிஜாக்சின் இதயத்தில் அதிகமாக ஒட்டி விஷமாகிறது. அதனால் மாத்திரை கொடுக்கும் முன் ஸ்டெத்தை நெஞ்சில் வைத்து இதயத் துடிப்பை முழுசாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். 60க்குக் கீழே இருந்தால் கொடுக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும், பொட்டாசியம் ரிப்போர்ட்டைப் பார்க்க வேண்டும். பார்மக்காலஜி, பாத்தாலஜி, அடல்ட் ஹெல்த் நர்சிங் மூன்றும் அந்த ஒரு கட்டிலில் வந்து சேர்ந்துவிட்டன. நான் மூன்றையும் தனித்தனி நோட்டில் படித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வார்டு போஸ்டிங் வந்தபோது கேஸ் ஷீட்டில் அந்த இரண்டு மருந்தையும் சேர்த்துப் பார்த்ததும் கை தானாக லேப் ரிப்போர்ட்டைத் தேடியது.

டிரிப் ஏற்றும்போது போடும் சொட்டுக் கணக்கும் அப்படித்தான். ஆயிரம் மில்லி, 8 மணி நேரம், மில்லிக்கு 20 சொட்டு விழும் செட், நிமிடத்துக்கு எத்தனை? 42 என்று போட்டுவிட்டு உட்கார முடியாது. மைக்ரோ செட் என்றால் மில்லிக்கு 60 சொட்டாச்சே, அப்போது எவ்வளவு, குழந்தைக்கு ஏன் அந்த செட், என்று அடுத்தடுத்து வரும்.

விடைத்தாள் திருத்துவது இன்னொரு பெரிய உதவி. அந்தச் சேர்ந்த தாளில் மொத்தம் 75: பார்மக்காலஜிக்கு 38, பாத்தாலஜிக்கு 25, மரபியலுக்கு 12. மாதிரித் தேர்வில் நான் எழுதியதைப் பார்த்து, முதல் இரண்டு கேள்விக்கே நேரம் முழுவதும் போய்விடுவதையும், மரபியலைத் தொடவே நேரமில்லாததையும் சிவப்பு மையில் குறித்துக் கொடுத்தார். நர்ஸின் பொறுப்பு என்ன என்ற பகுதியை ஒவ்வொரு மருந்துக்கும் தனித் தலைப்பாக எழுதச் சொன்னார். இந்த செமஸ்டர் இன்டர்னலில் அதன் பலன் தெரிகிறது, எல்லாப் பாடத்திலும் 60ஐத் தாண்டியிருக்கிறேன். யூனிவர்சிட்டி தேர்வு இனிமேல்தான்.

குறைகளும் சொல்ல வேண்டும். பாத்தாலஜி இங்கே பலவீனம். அதற்கு வேறொரு சார் வருகிறார். ஸ்லைடை வாசித்துவிட்டுப் போகிறார், சந்தேகம் கேட்டால் அடுத்த வாரம் என்கிறார். டீச்சரிடமே சொன்னோம், இன்னும் மாறவில்லை. அறை சின்னது, ஒரே ஃபேன், தேர்வு நெருங்கும்போது புதிதாக ஆட்களைச் சேர்த்துக்கொண்டே போகிறார்கள். பின்வரிசையில் இருந்தால் போர்டு தெரியாது. சனிக்கிழமை வகுப்பு மாலை ஆறரைக்குத்தான் முடியும். குலசேகரம், கருங்கல் பக்கம் போகிற பிள்ளைகள் வீடு சேர ராத்திரி ஆகிவிடும். மழைக்காலத்தில் இன்னும் மோசம். அரை மணி நேரம் முன்னால் ஆரம்பித்தால் போதும், இதை அவர்கள் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

ஃபீஸ் ஒரு பாடத்துக்கு மாதம் 800 ரூபாய். என் அப்பாவுக்கு ரப்பர் பால் வெட்டு. மழை பிடித்தால் வெட்டு நின்றுவிடும், வீட்டில் காசு இருக்காது. ஜூன் மாத ஃபீஸை ஆகஸ்டில் கொடுத்தேன், ஒரு வார்த்தை கேட்கவில்லை. மற்ற பிள்ளைகளுக்குத் தெரியும்படி பெயர் எழுதி ஒட்டும் பழக்கமும் இங்கே இல்லை. இதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

யாருக்கு இது சரிப்படும்? 50களில் பாஸ் ஆகிவிட்டு, மேலே படிக்க ஆசை இருந்தும் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நிற்கிறவர்களுக்கு. இரண்டாம் செமஸ்டரிலேயே வந்தால் 55 கணக்குக்கு இன்னும் இடம் கிடைக்கும். அச்சடித்த நோட்ஸும் எதிர்பார்க்கப்படும் கேள்விகளும் வேண்டுமென்றால் இங்கே வராதீர்கள், கொடுக்க மாட்டார்கள். பாத்தாலஜிக்கு மட்டும் என்றாலும் வேண்டாம். சேரப் போகும்போது எல்லா மார்க் ஷீட்டின் நகலையும் கையில் கொண்டு போங்கள். முடிந்தால் ஞாயிறு காலை பேட்ச் கேளுங்கள், அதில்தான் ஆள் குறைவு.