சொந்த காரில் கெஸ்ட்டை ஏற்றலாமா? ஒயிட் போர்டு பாலிசியா, டி போர்டு பாலிசியா?

ஏற்காட்டில் மஞ்சக்குட்டை பக்கம் எங்களுக்குச் சின்னக் காபித் தோட்டமும் அதற்குள் ஒரு பழைய வீடும் உண்டு. அதில் இரண்டு அறைகளைத் தங்க வருபவர்களுக்கு விடுகிறோம். அறை கேட்டுப் போன் செய்பவர்களில் பாதிப் பேர் அடுத்ததாகக் கேட்பது, "சேலம் ஜங்ஷனுக்கு கார் அனுப்புவீங்களா?" என்பதைத்தான். வாசலில் எர்டிகா நிற்கிறது. ஒரு நடை போய் வந்தால் ஆயிரத்து ஐந்நூறு கிடைக்கும். அதையே டி போர்டாக, அதாவது வாடகை டாக்சியாக மாற்றிவிடலாமா, சொந்த உபயோகத்துக்கான ஒயிட் போர்டாகவே வைத்துக்கொள்ளலாமா என்று சில மாதம் அலசிவிட்டு, ஒயிட் போர்டாகவே விட்டுவிட்டேன். ஆனால் கெஸ்ட்டை அதில் ஏற்றுவதில்லை.

ஒயிட் போர்டு ஃபுல் இன்சூரன்ஸில் எல்லாருக்கும் தெரிந்தவை விபத்து, தீ, திருட்டு, வெள்ளம். மலைக்காரர்களுக்கு முக்கியமானது, மண்சரிவும் பாறை உருள்வதும் அதில் அடக்கம் என்பது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு நம் மலைப்பாதை பட்ட பாட்டைப் பார்த்தவர்கள், அடுத்தவருக்கு நம்மால் வரும் பாதிப்புக்கான தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டு நிறுத்த மாட்டார்கள். அதில் நம் வண்டிக்கு ஒரு பைசா வராது. கூட உட்கார்ந்து வருபவர்களுக்கும் ஃபுல் இன்சூரன்ஸ்தான் காப்பு. இருபது கொண்டை ஊசி வளைவிலும் பம்பர் உரசும் வாய்ப்பு இருப்பதால் பம்பர் டு பம்பரும் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலைதான் தருவார்கள். லைசென்ஸ் உள்ள நண்பருக்குச் சும்மா ஓட்டக் கொடுப்பது, ஆபீஸ் போவது, ஊருக்குப் போவது எல்லாம் சரி.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது பாலிசித் தாளில் 'பயன்பாட்டு வரம்பு' என்று வரும் சின்ன எழுத்துப் பத்திதான். வாடகைக்கோ கூலிக்கோ ஓட்டக் கூடாது. சொந்த லக்கேஜும் சாம்பிளும் தவிர வேறு சரக்கு ஏற்றக் கூடாது. பந்தயம், வேகச் சோதனை கூடாது. நான்கைந்து வருடமாகப் பிரீமியம் கட்டியும் நான் அதைப் படித்ததில்லை.

படிக்க வைத்தது என் சித்தப்பா மகனுக்கு நடந்ததுதான். அவனுடையதும் ஒயிட் போர்டு. கெஸ்ட் நால்வரை ஏற்றிக்கொண்டு மேலே வரும்போது, எதிரே இறங்கிய பஸ்ஸுக்கு ஒதுங்கப் போய் ஒரு வளைவின் தடுப்புச் சுவரில் இடித்துவிட்டான். யாருக்கும் பெரிய அடியில்லை. ரேடியேட்டர், ஹெட்லைட், பானெட் போயின. சேதத்தைப் பார்க்க வந்த இன்சூரன்ஸ் சர்வேயர் பொறுமையானவர். "கூட வந்தவங்க யாரு தம்பி?" என்று கேட்டார். இவன் நண்பர்கள் என்றான். அவர் அந்த நண்பர்களில் ஒருவருக்கே போன் போட்டார். அந்த மனிதர் வெள்ளந்தியாக, "பிக்கப்புக்கு ஜிபேயில அனுப்பிட்டோமே சார்" என்றார். மூன்று வாரத்தில் கிளெய்ம் மறுப்புக் கடிதம் வந்தது. எண்பத்து நான்காயிரம் ரூபாய் பில்லை அவனே கட்டினான். அவன் பொய் சொன்னது தவறு. உண்மையைச் சொல்லியிருந்தாலும் அதே பத்தியைத்தான் காட்டியிருப்பார்கள். வாடகைக்கு ஓடிய சொந்த வண்டிக்கும் 75 சதவீதம் வரை கொடுக்கலாம் என்று 2010-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று இருக்கிறது. ஆனால் அதைக் கேட்டு வாங்க நுகர்வோர் கோர்ட் படியேற வேண்டும்.

வண்டிக்கு வந்த நட்டத்தையாவது ஒரு வருட வருமானத்தில் ஈடுகட்டலாம். என்னைத் தூங்க விடாதது ஆளுக்கு அடிபட்டால் என்ன ஆகும் என்பது. டாக்சி பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டியது தெரிந்தால், அடிபட்டவருக்கான இழப்பீட்டைக் கம்பெனி முதலில் கட்டிவிட்டு, உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி கோர்ட் உத்தரவிடலாம். உயிரிழப்புக்கு இழப்பீட்டில் உச்சவரம்பு கிடையாது. அப்படி ஒரு தொகை வந்தால் அந்தக் காபித் தோட்டமே போய்விடும். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு இதைப் பணயம் வைக்க முடியாது. பிக்கப்பை இலவசம் என்று சொல்லி அறை வாடகையில் சேர்த்துவிடலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். அந்தச் சந்தில் நுழைய எனக்குத் தைரியமில்லை.

சரி, டி போர்டாக மாற்றினால்? இந்தக் கவலை போய்விடும், அது பெரிய விஷயம். ஆனால் 2022-இல் அறிவித்த தேர்ட் பார்ட்டிக் கட்டணப்படி, எர்டிகா மாதிரி 1000 முதல் 1500 சிசி வரையுள்ள சொந்த காருக்கு 3,416 ரூபாய். அதே வண்டி டாக்சியானால் 7,940 ரூபாய், அதோடு பயணிக்குத் தலா 978. ஆறு பேருக்கு 13,808 வரும், வரி தனி. அப்புறம் பெர்மிட், எஃப்சி என்கிற தகுதிச் சான்று, விற்கும்போது இறங்கும் விலை. நான் டி போர்டு வைத்து ஓட்டியதில்லை. பக்கத்து எஸ்டேட்காரர் ஓட்டுவதைப் பார்த்துத்தான் சொல்கிறேன். தினம் ஒரு நடை உறுதியாக இருக்கிற அவருக்குக் கட்டுப்படியாகிறது. வாரத்துக்கு இரண்டு நடைதான் கிடைக்கும் என்கிற நிலையில் எனக்கு ஆகாது.

இப்போது கெஸ்ட் கேட்டால், ஜங்ஷன் ஸ்டாண்டில் இருக்கும் டி போர்டு டிரைவர் ஒருவர் நம்பரைக் கொடுத்துவிடுகிறேன். பணம் நேராக அவருக்கே போகிறது. மிளகு, காபி மூட்டைகளையும் எர்டிகாவின் பின்சீட்டை மடக்கிப் போட்டு இறக்குவதை நிறுத்திவிட்டேன். சரக்கைப் பற்றிய வரி அதே பத்தியில் இருக்கிறதே. இந்த அறுவடைக்குக் குட்டியானை லோடு வண்டி ஒன்றைப் பேசி வைத்திருக்கிறேன்.