பழைய திரைப்பதிவுக்குள் புது ஃப்ரேம்களைச் சேர்ப்பது: ஒன்பது வருட அனுபவம்

படங்களைத் திருத்தவும் வரையவும் உதவும் கிம்ப் மென்பொருளுக்கான பாடங்களை நான் திரைப்பதிவாக, அதாவது கணினித் திரையில் நடப்பதைப் படமாகப் பிடித்து, செய்யத் தொடங்கியது 2016-இல். அப்போது 2.8 பதிப்பு. இன்று அறுபதுக்கும் மேற்பட்ட பாடங்கள் கையில் இருக்கின்றன. கணக்குப் பார்த்தால், பாடங்களைப் பதிவு செய்ய ஆன நேரத்தைவிட, பதிவாகி முடிந்தவற்றுக்குள் நாலு நொடி, நாற்பது நொடி என்று புதுத் துண்டுகளைச் செருக ஆன நேரம்தான் அதிகம். ஒரு படி விட்டுப்போயிருக்கும். ஒரு மெனு இடம் மாறியிருக்கும். பதினான்கு நிமிடப் பாடத்தில் இருபது நொடி தவறு என்பதற்காக முழுவதையும் திரும்ப எடுக்க மனம் வராது.

இந்த வேலையில் தையல் தெரியாமல் ஒட்டுப் போட முடியுமா என்பதை எடிட்டிங் மென்பொருள் தீர்மானிப்பதில்லை. பதிவுப் பொத்தானை அழுத்துவதற்கு முன் திரையை எப்படித் தயார் செய்கிறோம் என்பதில்தான் முக்கால்வாசி இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு நாலு வருடம் ஆனது.

முதலில் பயன்படுத்தியது விங்க் என்ற திரைப்பதிவு மென்பொருள். அது ஓடும் படம் எடுப்பதைவிட, நிலைப்படங்களைக் கோப்பதில் கெட்டி. விசையைத் தட்டினாலோ மவுஸைச் சொடுக்கினாலோ அந்தக் கணத்துத் திரையை ஒரு ஃப்ரேமாகப் பிடித்துக்கொள்ளும். சுட்டியைத் தனியாக நினைவில் வைத்திருக்கும். ஒரு ஃப்ரேமில் சுட்டி இங்கே, அடுத்ததில் அங்கே என்றால், இடையிலுள்ள நகர்வை அதுவே ஓட்டிக் காட்டும். புது ஃப்ரேம் சேர்ப்பதற்கு இதைவிட வசதியான ஏற்பாடு வேறில்லை. விட்டுப்போன படிக்கு இரண்டு படம் பிடித்து நடுவில் வைத்து, சுட்டியைச் சரியான இடத்துக்கு நகர்த்திவிட்டால் வேலை முடிந்தது. முந்தைய தலைமுறையின் ரோபோடெமோவும் இதே வழிதான். அதன் வழிவந்த கேப்டிவேட், ஃப்ரேமை ஸ்லைடு என்று சொல்கிறது.

அப்புறம் ஏன் விட்டேன்? தூரிகையால் ஒரு கோடு இழுப்பதை நிலைப்படங்களால் சொல்லிக்கொடுக்க முடியாது. கை எங்கே அழுத்துகிறது, எங்கே மெதுவாகிறது என்பது ஓட்டத்தில்தான் தெரியும். இன்னொன்று, விங்கில் செய்த பாடங்களை நான் ஃபிளாஷ் கோப்புகளாக வெளியிட்டிருந்தேன். 2020 டிசம்பர் 31-உடன் ஃபிளாஷுக்கான ஆதரவு நின்றது. உலாவிகளில் அவை திறக்கவில்லை. அந்தப் பாடங்களை மொத்தமாகத் திரும்ப எடுத்தேன்.

இப்போது பதிவுக்கு ஓபிஎஸ் ஸ்டுடியோ, எடிட்டிங்குக்கு கேடன்லைவ். இரண்டும் இலவசம், திறந்த மூலம். நிறுத்திவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி ஓபிஎஸ்ஸில் 2019-இல், 24-ஆம் பதிப்பில்தான் வந்தது. அதற்கு முன் தொலைபேசி அடித்தால் ஒரு கோப்பு முடிந்து இன்னொரு கோப்பு தொடங்கும். ஒரு பாடத்துக்கு ஆறு துண்டுகள் சேர்ந்துவிடும். அந்த வசதி வந்த பிறகும் அது அன்றைக்கு விட்டதை அன்றைக்கே தொடரத்தான் உதவும். ஆறு மாதம் கழித்துச் செருக வேண்டிய துண்டுக்கு அது உதவாது.

அந்த ஆறு மாதக் கதைதான் முக்கியம். கிம்ப் 2.10.18 பதிப்பு 2020 பிப்ரவரியில் வந்தது. அதுவரை இடப்பக்கப் பெட்டியில் தனித்தனியாக நின்ற கருவிகள் குழு குழுவாக அடங்கின. செவ்வகத் தேர்வுக்கு அடியில் நீள்வட்டத் தேர்வு ஒளிந்துகொண்டது. பார்க்க வேண்டுமென்றால் படவுருவை அழுத்திப் பிடிக்க வேண்டும், அல்லது வலப்பக்கப் பொத்தானைச் சொடுக்க வேண்டும். என் பாடத்தில் நானோ, "இடப்பக்கம் இரண்டாவதாக இருக்கும் நீள்வட்டத்தை எடுங்கள்" என்கிறேன். கற்பவர்கள் வரிசையாகக் கேட்டார்கள்: "அந்தக் கருவியே இல்லையே?"

சரி, முப்பது நொடி விளக்கத்தை நடுவில் சேர்க்கலாம் என்று புதுப் பதிப்பில் பதிவு செய்தேன். வைத்துப் பார்த்தால் கண்ணில் குத்தியது. ஒரு நொடி முன்பு நிறைய படவுருக்கள் இருந்த கருவிப்பெட்டி திடீரெனப் பாதியாகச் சுருங்குகிறது. முப்பது நொடி கழித்துத் திரும்ப விரிகிறது. ஸ்லைடர்கள் வேறு அந்தப் பதிப்பில் ஒல்லியாகிவிட்டன. பார்ப்பவர் பாடத்தை விட்டுவிட்டு இந்த மாற்றத்தைத்தான் கவனிப்பார்.

ஒரு வாரம் யோசித்த பிறகு வழி கிடைத்தது. கருவிகளைக் குழுவாக்கும் வசதியை விருப்பத்தேர்வுகளில் அணைக்கலாம். அதையே பாடமாக்கினேன். செருகும் துண்டை நடுவில் வைக்காமல் பாடத்தின் தொடக்கத்துக்குக் கொண்டுபோனேன். புதுப் பதிப்பில் கருவிகள் எங்கே ஒளிந்திருக்கின்றன என்று முதலில் காட்டுகிறேன். பிறகு விருப்பத்தேர்வுகளைத் திறந்து, குழுவாக்கத்தை அணைக்கிறேன். கருவிப்பெட்டி பழைய மாதிரி விரிகிறது. அந்த இடத்தில் பழைய பதிவு தொடங்குகிறது. திரையில் நடக்கும் மாற்றமே தையலை மூடிவிட்டது. மொத்தம் 42 நொடி. இத்தனை வருடத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒட்டு அதுதான்.

எல்லா ஒட்டுக்கும் இப்படி ஒரு சாக்கு கிடைக்காது. கிடைக்காத இடத்தில் புதுத் திரையைப் பழைய திரையோடு புள்ளிக்குப் புள்ளி பொருத்தியாக வேண்டும். நான் செய்வது இது. பழைய பதிவில் செருக வேண்டிய இடத்துக்கு முந்தைய கடைசி ஃப்ரேமை ஒரு படமாகச் சேமித்துக்கொள்வேன். ஓபிஎஸ்ஸில் அதை ஒரு பட மூலமாகச் சேர்த்து, நிறத் திருத்த வடிகட்டியில் ஒளிபுகாமையைப் பாதியாகக் குறைத்துத் திரைக்கு மேலே மிதக்க விடுவேன். பழைய சாளரம் ஆவி மாதிரி மேலே தெரியும். புதுச் சாளரத்தை இழுத்து, விளிம்போடு விளிம்பு ஒட்டும்வரை நகர்த்துவேன். உருள்பட்டை நிற்கும் இடம், திறந்திருக்கும் பலகை, உருப்பெருக்கச் சதவீதம், சுட்டி நிற்கும் இடம், எல்லாம் பார்ப்பேன். பொருந்திய பிறகு அந்தப் படத்தை மறைத்துவிட்டுப் பதிவைத் தொடங்குவேன்.

அப்படியும் சந்தேகம் இருந்தால் கிம்பிலேயே சோதிக்கலாம். பழைய கடைசி ஃப்ரேமையும் புது முதல் ஃப்ரேமையும் இரண்டு அடுக்குகளாக வைத்து, மேலடுக்கின் முறையை 'வேறுபாடு' என்று மாற்றினால் போதும். ஒத்துப்போகும் இடமெல்லாம் கறுப்பாகிவிடும். மாறியிருப்பது மட்டும் ஒளிரும். முதல் தடவை இப்படிப் பார்த்தபோது முழுக் கறுப்பில் இரண்டே இடம் மின்னியது. ஒன்று, பணிப்பட்டையில் இருந்த கடிகாரம். இன்னொன்று, தலைப்புப் பட்டையில் கோப்பின் பெயருக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி. பழைய பதிவில் கோப்பைச் சேமிக்காமல் விட்டிருந்தேன், புதியதில் சேமித்திருந்தேன். கண்ணால் எத்தனை தடவை பார்த்தாலும் அந்த நட்சத்திரத்தைக் கண்டுபிடித்திருக்க மாட்டேன். அன்றிலிருந்து பணிப்பட்டையைத் தானாக மறையும்படி வைத்துவிட்டுத்தான் பதிவு செய்கிறேன். பதிவுக்கென்றே தனிப் பயனர் கணக்கும் உண்டு. அதில் அறிவிப்புகள் கிடையாது, திரைப் பின்னணி ஒரே சாம்பல் நிறம், திரையின் அளவு 1920×1080, கணினி எழுத்துகளைப் பெரிதாக்கிக் காட்டும் உருப்பெருக்கம் 100 சதவீதம்.

இந்தக் கடைசி எண்ணை லேசாக நினைக்க வேண்டாம். நடுவில் ஒரு முறை கணினி மாற்றினேன். புதியதில் 125 சதவீதம் என்று அதுவாகவே வைத்திருந்தது. பதிவின் அளவு அதேதான், ஆனால் எழுத்துகள் கால் பங்கு பெரிதாக இருந்தன. இரண்டு மணி நேரப் பதிவு வீணானது.

சுட்டிக்கு ஒரு சிறு பழக்கம். ஒவ்வொரு படி முடிந்ததும் சுட்டியை எடுத்துக் கேன்வாஸின் வலது கீழ் மூலையில் ஒரு நொடி நிறுத்துவேன். பேச்சும் அங்கே ஒரு நொடி நிற்கும். பிற்பாடு எங்கே வெட்டினாலும், எங்கே செருகினாலும் சுட்டி அதே மூலையில் இருக்கும், தாவாது. புதிதாகப் பாடம் எடுக்கத் தொடங்குகிறவர்கள் முதல் நாளிலிருந்தே இதைச் செய்யலாம். செலவில்லாத பழக்கம், பின்னால் பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

படம் பொருந்தினாலும் குரல் காட்டிக்கொடுத்துவிடும். காலையில் பேசும் குரல் வேறு, ராத்திரி பேசும் குரல் வேறு. மைக்கிலிருந்து வாய் நாலு விரல் தள்ளிப் போனாலே ஆள் மாறிய மாதிரி கேட்கும். பல விதமாகச் செய்து பார்த்து நிலைத்தது இது: ஹெட்போனை மாட்டிக்கொண்டு பழைய பதிவின் கடைசி மூன்று வாக்கியங்களைக் கேட்பேன். கடைசி வாக்கியத்தை நானும் கூடவே சொல்வேன். நிற்காமல் அதே மூச்சில் புது வாக்கியத்துக்குப் போவேன். எடிட்டிங்கில் அந்தத் திரும்பச் சொன்ன வாக்கியத்தை வெட்டிவிடுவேன். தொனியும் வேகமும் தானாக ஒட்டிக்கொள்கின்றன. அத்தோடு ஒவ்வொரு பதிவின் முடிவிலும் பத்து நொடி பேசாமல் அறையின் அமைதியை மட்டும் பதிந்து வைக்கிறேன். அமைதி என்றாலும் அதற்கும் ஒரு ஒலி உண்டு. மின்விசிறியும் கணினியும் சேர்ந்த லேசான இரைச்சல். ஒட்டும் இடத்தில் வெறும் சூனியத்தை வைத்தால் காது உடனே கண்டுபிடித்துவிடும். இந்தப் பத்து நொடியிலிருந்து கொஞ்சம் எடுத்து நிரப்பினால் தெரியாது.

கோப்பு வடிவ விஷயங்களில் பட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எம்பி4 ஆக நேரடியாகப் பதிவு செய்துகொண்டிருந்தபோது மின்சாரம் போனது; கோப்பே திறக்கவில்லை. சாதாரண எம்பி4-இல் கோப்பைப் படிக்கத் தேவையான அட்டவணை பதிவு முடியும்போதுதான் எழுதப்படும். இப்போது எம்கேவி-யில்தான் பதிகிறேன். பாதியில் நின்றாலும் அதுவரையிலானது பிழைக்கும். பிறகு ஓபிஎஸ்ஸிலேயே ஒரு சொடுக்கில் எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம்.

அடுத்து, ஃப்ரேம் வேகம். ஒரு காலத்தில் வேறொரு பதிவுச் செயலியால் எடுத்த துண்டுகளைச் செருகினேன். அது திரையில் அசைவு இருந்தால் அதிக ஃப்ரேம், இல்லாவிட்டால் குறைவு என்று மாறும் வேகத்தில் பதிவது. டைம்லைனில் வைத்தபோது முதல் நிமிடம் சரியாக இருந்தது. போகப் போகக் குரல் முந்திக்கொண்டு ஓடியது. அப்படிப்பட்ட கோப்பை எடிட்டிங்குக்கு முன்பே 30 ஃப்ரேம் நிலைவேகத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

மறு என்கோடிங் (படத்தை மறுபடி சுருக்கி எழுதுவது) இல்லாமல் ஒட்டலாமே என்று எஃப்எஃப்எம்பெக் என்ற கட்டளைவரிக் கருவியின் பக்கமும் போனேன். முடியும், ஆனால் கறாரானது. கோடெக் (சுருக்கும் முறை), அளவு, ஒலியின் மாதிரி வீதம் (ஒரு நொடிக்கு ஒலியை எத்தனை தடவை அளக்கிறது என்பது) எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். பழையது 48,000 ஹெர்ட்ஸ், புதியது 44,100 என்றிருந்த ஒரு கோப்பில், ஒட்டிய இடத்துக்கு அப்புறம் என் குரல் மெலிந்து வேகமாகிவிட்டது. வெட்டுவதும் நினைத்த இடத்தில் விழாது. முதன்மை ஃப்ரேமில், அதாவது முழுப் படமும் சேமிக்கப்பட்டிருக்கும் ஃப்ரேமில்தான் வெட்ட முடியும். படத்தைச் சுருக்கும் எக்ஸ்264 என்ற மென்பொருளின் இயல்புநிலையில் இரண்டு முதன்மை ஃப்ரேம்களுக்கு நடுவே 250 ஃப்ரேம் வரை இருக்கலாம். 30 ஃப்ரேம் வேகத்தில் எட்டு நொடிக்கு மேல். ஓபிஎஸ்ஸில் அந்த இடைவெளியை ஒரு நொடி என்று வைத்துவிட்டேன். கோப்பு கொஞ்சம் பெரிதாகும், பரவாயில்லை.

கேடன்லைவில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். துண்டைச் செருகுவதற்கு முன் எல்லாத் தடங்களிலும் சேர்த்து இடம் உண்டாக்க வேண்டும். படத் தடத்தில் மட்டும் தள்ளிவிட்டு ஒலித் தடத்தை அப்படியே விட்டால், அதற்குப் பின்வரும் முழுப் பாடமும் பிசகிவிடும். ரெண்டர் (இறுதிப் படக் கோப்பை உருவாக்குவது) முடிந்து கடைசிவரை பார்த்த பிறகுதான் அது எனக்குத் தெரிந்தது. வசன வரிகளும் அப்படித்தான். 42 நொடி சேர்த்தால், அதற்குப் பின்வரும் ஒவ்வொரு வரியின் நேரத்தையும் 42 நொடி தள்ள வேண்டும். காது கேளாதவர்கள் அந்த வரிகளை நம்பித்தான் பாடத்தைப் பார்க்கிறார்கள். படத்தைத் திருத்திவிட்டு வரிகளை விட்டுவிட்டால் அவர்களுக்குப் பாடமே இல்லாமல் போகிறது. அத்தியாயக் குறிகளையும் மறக்கக் கூடாது.

யூடியூபில் ஏற்றிய படத்தை வெட்டிக் குறைக்கலாம். அதே முகவரியில் புதுக் கோப்பை மாற்றி வைக்க முடியாது. அதனால் அடிக்கடி மாறும் பாடங்களை என் சொந்த இடத்தில் வைத்து, அதே பெயரில் கோப்பை மட்டும் மாற்றுகிறேன்.

பத்துப் பதினைந்து நொடி அசைபடங்களுக்கு மட்டும் ஸ்கிரீன்டுகிஃப் என்ற பதிவுச் செயலி. ஏற்கெனவே எடுத்ததன் நடுவில் எந்த ஃப்ரேமுக்கு முன், எந்த ஃப்ரேமுக்குப் பின் என்று சொல்லிப் புதுப் பதிவைச் செருகும் வசதி அதன் எடிட்டரிலேயே இருக்கிறது. அளவு மாறினால் அங்கேயே சரிசெய்யலாம். விங்க் தந்த பழைய சுகம் எனக்கு அங்கேதான் திரும்பக் கிடைத்தது.

எப்போது ஒட்டுப் போடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். 2018-இல் 2.10 வந்தபோது கிம்பின் முகமே கருநிறமானது, படவுருக்கள் மாறின. நான் பிடிவாதமாக ஒரு பாடத்தில் கருநிறத் துண்டுகளை நாலு இடத்தில் ஒட்டினேன். பார்த்தவர் ஒருவர், "இது இரண்டு வேறு மென்பொருளா?" என்று கேட்டார். அந்தப் பாடத்தைத் தூக்கிவிட்டுத் திரும்ப எடுத்தேன். 2025 மார்ச்சில் 3.0 வந்தபோது அந்தத் தவறைச் செய்யவில்லை. திரையின் முகம் மாறியிருந்தால் முழுப் பதிவு. ஒரு படி மட்டும் மாறியிருந்தால் ஒட்டு. இதுவரை 3.0-க்காகப் பதினெட்டுப் பாடங்களை முழுவதுமாக எடுத்து முடித்திருக்கிறேன். ஒவ்வொன்றின் கோப்புறையிலும் திட்டக் கோப்போடு, வெட்டாத மூலப் பதிவு, பத்து நொடி அமைதி, பதிவின்போதிருந்த சாளர அளவையும் மைக் தூரத்தையும் எழுதிய ஒரு சின்ன உரைக் கோப்பு ஆகியவை இருக்கின்றன. நீள்வட்டப் பாடம் அடுத்த வாரம்.