கல்லடி உப்புக்காத்தும் எங்கட ஸ்லைடிங் டோரும்

மட்டக்களப்பு கல்லடியில எங்கட வீட்டுல இருந்து கடல் நடந்து போற தூரம். வீடு கட்டக்குள்ள முன் விறாந்தைக்கு உள்பக்கம் ஒண்டு, வெளிப்பக்கம் ஒண்டு எண்டு ரெண்டு கண்ணாடிக் கதவு உள்ள அலுமினியம் ஸ்லைடிங் டோர் போட்ட, ரெண்டு வருசம் ஒரு விரலால தள்ளினாலே ஓடிச்சு. பிறகு பாதியில வந்து நிக்கத் தொடங்கிட்டு. மாமிக்கு தள்ள ஏலாம பின் வாசலால சுத்தி வருவா, மகள் காலால உதைச்சுத் திறப்பாள்.

"தேங்காயெண்ண கொஞ்சம் விட்டுப் பாருங்க மருமகன்" எண்டு மாமி சொன்னா, விட்ட, ரெண்டு நாள் சொர்க்கம். மூணாம் கிழமை முந்தினதவிட மோசம். அதுக்கு மேல மோட்டர்சைக்கிளுக்கு வாங்கின கிரீஸையும் பூசினன், அதுதான் நான் செஞ்ச பெரிய விசர் வேலை. இங்க கச்சான் காத்துக்கு மண் எல்லா இடுக்குக்குள்ளயும் வரும், எண்ணெயில மண் ஒட்டினா அது வழுக்கிற சாமானில்ல, உரஞ்சித் தேய்க்கிற சாமான். பாக்க வந்த ஒரு வேலையாள் கதவக் கழட்டிக்கூடப் பாக்காம முழுசா மாத்தோணும் எண்டிட்டார்.

ஒரு போயா (பௌர்ணமி) லீவுக்கு நானும் மச்சானும் இறங்கினம். கதவுட அடி ஓரத்துல சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கும், அதுக்குப் பின்னால உள்ள ஸ்குரூவத் திருப்பினா ரோலர் (கதவு ஓடுற சின்னச் சில்லு) உள்ளுக்குப் போகும், பிறகு உள்பக்கக் கதவ மேல் சட்டத்துக்குள்ள நல்லாத் தூக்கி, அடிய நம்மட பக்கம் இழுத்தா வந்திடும். கட்டாயம் ரெண்டு பேர் வேணும், கண்ணாடிப் பாரம் சும்மா இல்ல.

கழட்டிப் பாத்தா, மகள்ட தலைமயிர் ரோலர் அச்சுல நூல்கட்டை மாதிரி இறுகிச் சுத்திக் கிடக்கு. ஒரு சில்லு சுத்தாமலே இழுபட்டு ஒரு பக்கம் தட்டையாத் தேஞ்சு போயிட்டு, பெயரிங் முழுக்கத் துரு. இரும்பு ஸ்குரூ அலுமினியத்தத் தொடுற இடமெல்லாம் வெள்ளையா மா மாதிரி பூத்திருந்திச்சு. ரெண்டு சாதி உலோகம், நடுவுல உப்புத் தண்ணி, அரிபடுறது அலுமினியம்தான்.

பழைய ரோலரக் கையோட கொண்டு போகோணும், அளவு ஒண்டுக்கொண்டு சேராது. முதல்ல மலிவா இரும்பு பெயரிங் உள்ளத வாங்கின, எட்டு மாசத்துல திரும்பவும் கறகற. அடுத்த முறை நைலோன் சில்லு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பெயரிங், ஸ்குரூவும் ஸ்டெயின்லெஸ். ரெண்டு வருசம் தாண்டிட்டு, இன்னும் சத்தமில்ல. (ஸ்குரூ வாங்கக்குள்ள 316 எண்ட ஸ்டெயின்லெஸ் ரகம் கிடைச்சா அத எடுங்க, கடல் பக்கத்துக்கு 304 ரகத்த விட அது தாங்கும்.)

உயரம் சரி பண்ணுறதுதான் பொறுமை வேணுங்கிற வேலை. கதவ சட்டத்துக்குக் கிட்டக் கொண்டு வந்து பாத்தா மேல ஒட்டி, கீழ இடைவெளி தெரிஞ்சிச்சு, அப்பிடியெண்டா கொக்கியும் பூட்டுல விழாது. கால் சுத்து, கால் சுத்தாத் திருப்பித் திருப்பிப் பாத்த. திருப்பக்குள்ள மச்சான் ஒரு தட்டையான கம்பியால கதவ லேசா நெம்பிப் பிடிச்சார், இல்லாட்டி பாரம் முழுக்க ஸ்குரூவுலதான், தலை வழுக்கிரும். எனக்கு ஒண்டு வழுக்கி அதப் புடுங்க அரை நாள் போச்சு.

மற்றது, கதவு ஓடுற கீழ்த் தண்டவாளத்துல தண்ணி வடிய சின்ன ஓட்டை இருக்கும். வாடைக்கால மழைக்கு எங்கட தண்டவாளத்துல தண்ணி தேங்கி நிண்டதுக்குக் காரணம் அந்த ஓட்டையில எறும்பு மண் கட்டினதுதான். ஒரு ஈர்க்கிலால குத்தி விட்ட, சரியாப் போச்சு.

இப்ப ரெண்டு கிழமைக்கு ஒருக்கா பழைய பெயின்ட் பிரஷால காஞ்ச மண்ணத் தட்டி, நல்ல தண்ணித் துணியால துடைச்சு, காஞ்ச பிறகு சிலிக்கன் ஸ்ப்ரே கொஞ்சம் அடிச்சு மிச்சத்தத் துடைச்சு விடுவன். அது காஞ்சா கையில ஒட்டாது, மண்ணும் எண்ணெய்ல போல ஒட்டாது. மெழுகுதிரி தேச்சும் பாத்த, மர லாச்சிக்கு நல்லம், இதுக்குச் சரிவரல்ல.

வெளிப்பக்கக் கதவுக்கு இன்னும் பழைய ரோலர்தான். அதுக்கு முன்னால கதிரை ரெண்டு கிடக்கு, நாங்க திறக்கிறதில்ல.