தாழ்ந்த காருக்கு எந்த ஜாக்கி?

ஜாக்கி வாங்கப் போனால் முதலில் வருகிற கேள்வி "எத்தனை டன் வேணும்?" என்பதுதான். அடிப்பாகம் தரையை ஒட்டித் தாழ்ந்த காருக்கு அது அவ்வளவு முக்கியமில்லை. நடுத்தர செடான் ஒன்றின் எடை 1,100, 1,200 கிலோ இருக்கும். முன்பக்கம் மொத்தத்தையும் ஒரே ஜாக்கியில் தூக்கினாலும் 700 கிலோ வாக்கில்தான் வரும். 2 டன் தாராளம். நாம் கேட்க வேண்டியது வேறு: முழுக்க இறக்கிய நிலையில் ஜாக்கியின் உயரம் எத்தனை மி.மீ.?

இந்தக் கேள்வியிலேயே பாட்டில் மாதிரி நிமிர்ந்து நிற்கும் பாட்டில் ஜாக்கி விழுந்துவிடும். டிராக்டரோ லோடு வண்டியோ உள்ள வீடுகளில் அது சும்மா கிடக்கும், எடுத்துப் பயன்படுத்தலாமே என்று தோன்றும். ஆனால் பெரும்பாலானவை இறக்கிய நிலையிலேயே 180, 200 மி.மீ. உயரம் இருக்கும். ஸ்பிரிங்கைத் தாழ்த்திய காரின் அடியில் நுழையவே நுழையாது. காரோடு வந்த ஸ்குரு ஜாக்கி நுழையும். பஞ்சர் ஆன டயரைக் கழற்ற அது போதும். அடிப்பாகம் சின்னது, கார் கொஞ்சம் அசைந்தாலும் சாயும் என்பதால் அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

மிச்சம் இரண்டு: சக்கரத்தில் உருளும் டிராலி ஜாக்கி, காரை ஓட்டி ஏற்றும் சரிவு மேடையான ரேம்ப்.

டிராலியிலும் சாதாரண ரகம் 130, 140 மி.மீ. உயரத்தில் தொடங்கும். தாழ்ந்த கார்களுக்கென்றே வரும் ரகம் 75 முதல் 90 மி.மீ.க்குள் அடங்கும். வாங்கினால் இதைத்தான் வாங்க வேண்டும். அப்புறம் அது எவ்வளவு உயரம் வரை தூக்கும் என்பதையும் பாருங்கள். காரைத் தாங்கும் ஸ்டாண்டின் குறைந்தபட்ச உயரமே பல மாடல்களில் 280 மி.மீ. அருகில் இருக்கிறது. அதைத் தாண்டித் தூக்காத ஜாக்கியை வாங்கினால் ஸ்டாண்டை உள்ளே வைக்க முடியாது.

டிராலி ஜாக்கியின் உண்மையான சிக்கல் தரை. அதன் கை மேலே போகும்போது வட்டமாகத் திரும்புவதால், ஜாக்கி தன் சக்கரத்தில் கொஞ்சம் உருண்டால்தான் காரைத் தொடும் தலை, தூக்கும் இடத்திலேயே நிற்கும். சிமென்ட் தளத்தில் தானாக உருளும். திசையன்விளைப் பக்கம் செம்மண் தேரியிலோ சங்கரன்கோவில் கரிசலிலோ முற்றம் இருந்தால் சக்கரம் புதைந்துகொள்ளும். தலை நழுவும், இல்லையென்றால் காரையே இழுக்கும். கனமான பிளைவுட் பலகை விரிக்கலாம். ஆனால் 18 மி.மீ. பலகை ஜாக்கியையும் 18 மி.மீ. உயர்த்திவிடும், தாழ்ந்த காருக்கு அதுவே பெரிய இழப்பு. அதனால் முதலில் முன்சக்கரங்களை ஒன்றரை அங்குலப் பலகைகள் மேல் ஏற்றிக்கொள்ளுங்கள். ஜாக்கியும் நுழையும், கைப்பிடியை அடிக்கவும் இடம் கிடைக்கும்.

மண் தரையில் ரேம்ப் நன்றாகப் பதிந்து நிற்கும். வேலை ஆயில் மாற்றுவது மட்டும் என்றால், அங்கே என் ஓட்டு ரேம்புக்குத்தான். வழவழ டைல்ஸில் கதை தலைகீழ்: டயர் தொட்டதும் ரேம்ப் முன்னால் வழுக்கிக்கொண்டு போகும், அடியில் ரப்பர் பாய் போட்டே ஆக வேண்டும். தாழ்ந்த காரில் டயர் ரேம்பைத் தொடும் முன்பே முன்பம்பர் இடிக்கும். சரிவு நீளமான ரேம்பாக வாங்க வேண்டும், அல்லது முன்னால் பலகை போட்டுச் சரிவைக் குறைக்க வேண்டும். டயர் கழலாது என்பதால் பிரேக் வேலைக்கு ரேம்ப் ஆகாது. காரைக் கீழே இறக்கிச் சமதரையில் நிறுத்திய பிறகுதான் ஆயில் அளவைப் பார்க்க வேண்டும்.

ஜாக்கி எதுவானாலும் அது தூக்க மட்டுமே. உள்ளே எண்ணெயை அடைத்து வைக்கும் ஹைட்ராலிக் சீல் எப்போது கசியும் என்று சொல்ல முடியாது. அடியில் படுக்கிறீர்கள் என்றால் ஜோடி ஸ்டாண்ட் கட்டாயம். பக்கத்து வீட்டுக்காரர் "ஹாலோ பிளாக் ரெண்டு கிடக்கு, எடுத்து வையும் அண்ணாச்சி" என்பார். வேண்டாம். அது சொல்லாமல் கொள்ளாமல் உடையும். பணம் இடிக்கிறதென்றால் மலிவான ஜாக்கியோடு நல்ல ஸ்டாண்ட் வாங்குங்கள், மாற்றி வாங்காதீர்கள். பல கார்களில் கைபிரேக் பின்சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கும்போது முன்சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுங்கள்.

நம்மூர்க் கார்களுக்கு இன்னொன்று. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணித் தண்ணீரில் நின்ற வண்டி என்றால், ஜாக்கி வைக்கும் கதவடி விளிம்பைத் துரு தின்றிருக்கலாம். முதலில் ஸ்குரூடிரைவரால் அழுத்திப் பாருங்கள். தகடு உள்ளே போனால் அந்த இடத்தில் ஜாக்கியும் வேண்டாம், ஸ்டாண்டும் வேண்டாம். வெல்டரிடம் காட்டிச் சரிசெய்த பிறகு தூக்கலாம்.