வெடியா, மௌனமா? வலென்சியாவின் ஃபாயாஸும் செவிலின் புனித வாரமும்

ஸ்பெயின் திருவிழா என்றதும் தக்காளிச் சண்டையும் காளை ஓட்டமும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். புன்யோலில் ஆகஸ்ட் கடைசிப் புதன்கிழமை நடக்கும் லா தொமாத்தினா ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்; 2013 முதல் அதற்கு நுழைவுச்சீட்டும் வேண்டும். பாம்ப்லோனாவில் ஜூலை 7 முதல் 14 வரை காலை 8 மணிக்குக் காளைகள் ஓடுவது இரண்டு, மூன்று நிமிடம்தான். வேலியோரம் இடம் பிடிக்க 6 மணிக்கே போய் நிற்க வேண்டும். ஏற்கெனவே ஸ்பெயினில் இருப்பவர் இவற்றுக்கு ஒரு நாள் ஒதுக்கலாம். திருவிழாவுக்கென்றே விமானம் ஏறுகிறவர் யோசிக்க வேண்டியவை வசந்த காலத்து விழாக்கள் இரண்டு.

வலென்சியாவின் ஃபாயாஸ் மார்ச் 15 முதல் 19 வரை, தேதி மாறாது. பேட்டைக்கு ஒரு குழு ஆண்டு முழுக்கப் பணம் திரட்டி, மரச்சட்டத்தின் மேல் தெர்மாகோலும் காகிதக்கூழும் கொண்டு மாடி உயரத்துக்குக் கேலிச் சிற்பங்களை எழுப்புகிறது. 19-ம் தேதி, புனித யோசேப்பு நாள் இரவில், அத்தனையும் சாம்பலாகிவிடும். மக்கள் வாக்களித்துக் காப்பாற்றும் பொம்மைகள் மட்டும் மிஞ்சும். சிற்பங்களை நிதானமாகப் பார்க்க 16, 17 தேதிகளின் காலை நேரமே நல்லது. மாலையில் தெருவில் கால் வைக்க இடமிருக்காது.

மார்ச் 1 முதலே தினமும் மதியம் 2 மணிக்கு நகராட்சிச் சதுக்கத்தில் மஸ்கிளெத்தா நடக்கும். பட்டப்பகலில் வாணவேடிக்கையா என்று கேட்கலாம். இது கண்ணுக்கானது அல்ல. கயிறுகளில் வரிசையாகக் கட்டிய வெடிகள் தாளம் பிடித்தாற்போல் மெதுவாகத் தொடங்கி, வேகம் கூடிக்கூடி, கடைசியில் எல்லாம் ஒன்றாய் முழங்கும்போது சத்தம் காதில் கேட்பதைவிட விலா எலும்பில்தான் அதிகம் தெரியும். ஐந்தாறு நிமிடத்தில் முடிந்துவிடும். வாயைச் சற்றுத் திறந்து வைத்துக்கொண்டால் காதில் அழுத்தம் குறையும். குழந்தைகளுக்குக் காதுமூடி கட்டாயம். கர்ப்பிணிகள் கிட்டே போகவே வேண்டாம். 15-ம் தேதிக்குப் பிறகு நண்பகல் 12 மணிக்கே போய் நின்றால்தான் சதுக்கத்துக்குள் இடம் கிடைக்கும். மெட்ரோவில் ஷாதிவா நிலையம் நெரிசலில் பிதுங்கும். கொலோனில் இறங்கி நடப்பது மேல்.

எரிப்பு இரவில் பலரும் செய்கிற தவறு, ஒரே இரவில் நாலைந்து சிற்பங்களைப் பார்த்துவிட ஓடுவது. தீயணைப்புப் படை வந்து, சுற்றியுள்ள சுவர்களை நனைத்த பிறகுதான் பெரிய சிற்பத்துக்குத் தீ வைப்பார்கள். அவர்கள் தெருத் தெருவாகப் போக வேண்டியிருப்பதால் அறிவித்த நேரம் எளிதில் தள்ளிப்போகும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து அங்கேயே நில்லுங்கள். தெர்மாகோல் எரியும் புகை கரியாகவும் நெடியாகவும் இருக்கும். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசுகிற இடமாகப் பாருங்கள். நைலான் சட்டையில் பொறி பட்டால் ஓட்டைதான், பருத்தி போதும்.

தூக்கத்தை மறந்துவிட வேண்டும். நள்ளிரவு தாண்டியும் தெருவில் ஆட்டம். காலை 8 மணிக்கு பேண்டு வாத்தியமும் வெடியுமாக உங்களை எழுப்பவும் வந்துவிடுவார்கள்.

செவிலின் புனித வாரம் இதற்கு நேரெதிர். குருத்தோலை ஞாயிறு தொடங்கி உயிர்ப்பு ஞாயிறு வரை தினமும் பக்திச் சபைகள் தத்தம் தேவாலயத்திலிருந்து பெருங்கோவிலுக்கு ஊர்வலம் போய்த் திரும்பும். கூம்புத் தொப்பியும் முகமூடியுமாக வரும் நசரேனோக்களை, அதாவது சபை உறுப்பினர்களைப் பார்த்து, கூ க்ளக்ஸ் கிளான் எனும் அமெரிக்க இனவெறிக் கும்பலை நினைக்க வேண்டாம். இது அதைவிடப் பல நூற்றாண்டு பழைய தவக்கோலம். பின்னால் வரும் சுருபப் பீடத்தைச் சுமக்கும் 35, 40 பேர் திரைக்குள்ளே மறைந்திருப்பார்கள். தலையில் நம்மூர்ச் சும்மாடு போலவே துணி சுற்றி, பின்கழுத்தில் குறுக்குச்சட்டம் ஏந்தித் தூக்குகிறார்கள். தலைவர் பீடத்து முகப்பிலுள்ள தட்டும் கருவியால் ஓசை எழுப்பியதும், அத்தனை எடையும் ஒரே துள்ளலில் எழும். அந்தக் கணத்துக்காகவே செவில் போகலாம்.

இங்கே புதியவர் ஏமாறுவது கால அட்டவணையில்தான். கையேட்டில் போட்டிருப்பது ஊர்வலத்தின் முன்னால் வரும் சிலுவைக்கான நேரம். மாதாவின் பீடம் வருவது கடைசியில். ஆயிரக்கணக்கான நசரேனோக்கள் இடையில் நடக்கும் மக்காரெனா போன்ற சபையில் சிலுவைக்கும் மாதாவுக்கும் இடையே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இது தெரியாமல், 'ஒன்றுமே வரவில்லையே' என்று கிளம்பிப் போகிறவர்கள் நிறைய.

சியேர்பெஸ் தெரு வழியான அதிகாரபூர்வப் பாதையின் நாற்காலிகள் பெரும்பாலும் உள்ளூர்ச் சந்தாதாரர்கள் கையில். அவற்றுக்கு அலையாமல் குறுகிய சந்தின் திருப்பத்தில் நில்லுங்கள்; பீடம் சுவரை உரசாமல் அங்குலம் அங்குலமாகத் திரும்புவதைப் பார்க்கலாம். வியாழன் இரவு விடியும்வரை நடக்கும் மத்ருகாவில் 'எல் சிலென்சியோ' சபை வரும்போது பேசவும் கூடாது, ஃபிளாஷும் கூடாது. மெழுகு சொட்டிய கல்தெரு வழுக்கும். பிடிமானமுள்ள செருப்பு வேண்டும்.

செவிலின் பெரிய ஆபத்து மழை. பழமையான மரச் சுருபங்கள் நனையக் கூடாது என்பதால் சபை கடைசி நேரத்தில் ஊர்வலத்தை நிறுத்திவிடும். அப்போது பல சபைகள் தேவாலயக் கதவைத் திறந்து உள்ளேயே தரிசிக்க விடும், அங்கே போங்கள். ஆகவே செவிலுக்குக் குறைந்தது நான்கு நாள் வேண்டும். வலென்சியாவில் 17 முதல் 19 வரை மூன்று நாளே போதும்.

சிறு குழந்தையோடு போகிறவருக்கும் சத்தம் ஆகாதவருக்கும் வலென்சியா வேண்டாம். நெடுநேரம் நிற்க முடியாதவருக்குச் செவில் வேண்டாம். முதல் முறை போகிற மற்றவர்களுக்கு எங்கள் பரிந்துரை வலென்சியா: முன்னறிவு எதுவும் இல்லாமலே கூட்டத்தோடு கலந்துவிடலாம்.

2027-ல் மட்டும் இந்தத் தேர்வே தேவையில்லை. அந்த ஆண்டு உயிர்ப்பு ஞாயிறு மார்ச் 28. வெள்ளி இரவு, 19-ம் தேதி வலென்சியாவில் தீ அணையும். 21-ம் தேதி செவிலில் குருத்தோலை ஞாயிறு. இடையில் உள்ள சனிக்கிழமை ரயிலுக்குச் சரியாக இருக்கும். செவில் அறையை முதலில் பதிவுசெய்துவிட்டு, மற்றதைப் பிறகு பாருங்கள்.