சிரமதானமா, பின்னேர வகுப்பா, ஆச்சி வீடா? வன்னியில் கிழமைக்கு இரண்டு மணி நேரம் கிடைத்தால்

கிழமையில் இரண்டு மணி நேரத்தை ஊருக்கென்று ஒதுக்கலாம் என்று நினைக்கிறவருக்குக் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வழிகளுக்குக் குறைவில்லை. கிராம அபிவிருத்திச் சங்கம், சம்பளமில்லாமல் கூடி ஊர் வேலை செய்கிற சிரமதானத்துக்குக் கூப்பிடும், சனசமூக நிலையத்தில் பின்னேர வகுப்புக்கு ஆள் தேடுவார்கள், திருவிழா வந்தால் தண்ணீர்ப் பந்தலுக்கு இளைஞர் வேண்டும், இரத்த வங்கி முகாம் வைக்கும், இவை எதிலும் சேராமல் ஒழுங்கையின் கடைசி வளவில் ஒரு ஆச்சி தனியாக இருப்பார். எல்லாமே நல்ல காரியம். ஆனால் செய்கிறவரின் உடம்புக்கும் மனதுக்கும் எல்லாம் ஒரே மாதிரி உதவுவதில்லை, அதைப் பற்றி யாரும் பெரிதாகக் கதைப்பதும் இல்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் நாளில் எது இல்லையோ அதைத் தருகிற தொண்டைத் தேர்ந்தெடுங்கள். கிழமை முழுக்க வயலில் குனிந்து நிமிர்கிறவர் கையில் ஞாயிற்றுக்கிழமையும் மண்வெட்டியைக் கொடுத்தால் நாரி நோவுதான் மிச்சம். அவருக்கு வேண்டியது ஆற அமர இருந்து நாலு கதை கதைக்க ஒரு இடம். பிரதேச செயலகத்திலோ வங்கியிலோ காலையிலிருந்து மாலை வரை கதிரையில் இருக்கிறவருக்கு நேர்மாறு.

சரி, சிரமதானம். தொண்டு என்றதும் எங்கள் ஊர்களில் முதலில் ஞாபகம் வருவது அதுதான். 1958இல் ஏ.ரி. ஆரியரத்ன என்ற ஆசிரியர் தன் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கனதொலுவ என்ற கிராமத்துக்குப் போய்த் தொடங்கிய சர்வோதய வேலையோடு இந்தப் பெயர் நாடு முழுக்கப் பரவியது. ஆனால் குளக்கட்டில் பற்றை வெட்டுவதும் விதைப்புக்கு முதல் வாய்க்காலைத் துப்புரவாக்குவதும் வன்னியில் அதற்கு எவ்வளவோ முந்திய வழக்கம். குளத்தை நம்பி வயல் செய்கிற ஊரில் கட்டு உடைந்தால் ஒருவர் தப்பி மற்றவர் கெடுவதில்லை, எல்லாருக்கும்தான் நட்டம். 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மூழ்கியபோது சனங்களைத் தூக்கியதும் சமைத்ததும் வீடுகளில் சேறு அள்ளியதும் அயலவர்களும்தான், அந்தக் கைகள் எல்லாம் இப்படியான வேலைகளில் முன்பே பழகியவை.

சிரமதானத்தில் எனக்குப் பிடித்தது, பலன் அன்றைக்கே கண்ணுக்குத் தெரிவது. காலையில் பற்றையாக இருந்த சுடலை ஒழுங்கை மத்தியானம் வெளிச்சமாக இருக்கும். அப்புறம் எல்லாரும் ஒரே நிழலில் இருந்து பாணும் சம்பலும் சாப்பிட்டுத் தேத்தண்ணி குடிப்பது. 2010க்குப் பிறகு மீளக் குடியேறிய கிராமங்கள் பலவற்றில் பழைய ஆட்களும் வேறு ஊர்களிலிருந்து வந்தவர்களும் கலந்து இருக்கிறார்கள், வேலி அடுத்த வேலி என்றாலும் பெயர் தெரியாது. மண்வெட்டி பிடிக்கிறபோதுதான் முதல் கதை வரும்.

குறை, அது அடிக்கடி நடக்காதது. கிழமைக்கு குறைந்தது 150 நிமிடமாவது உடம்பு அசைய வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. ஒரு நாள் சிரமதானத்தில் அது தாராளமாக வந்துவிடும், ஆனால் அடுத்தது நுளம்புக் காலத்துக்கோ கோயில் கொடியேற்றத்துக்கோதான். இடைப்பட்ட கிழமைகளில் கதிரைக்காரர் கதிரையில்தான். இன்னொரு தொல்லையும் உண்டு. போருக்குப் பிறகு வந்த நிறுவனங்கள் வேலைக்குக் காசு என்ற திட்டங்களை நடத்தின, அன்றைக்கு அந்தக் காசு இல்லாமல் பல வீடுகளில் அடுப்பு எரிந்திருக்காது, அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அதற்குப் பிறகு பல இடங்களில் சும்மா கூடி வேலை செய்கிற பழக்கம் தளர்ந்துபோனது உண்மை. பதாகை பிடித்துப் படம் எடுத்ததும் கலைந்து போகிற சிரமதானங்களும் நடக்கின்றன, அதில் சேருவதைவிடச் சொந்த வளவைக் கூட்டலாம்.

வன்னியில் பற்றைக்குள் இறங்குகிறவர் மூன்று விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும், இதைச் சிரமதானத்துக்குக் கூப்பிடுகிறவர்கள் சொல்லியே ஆக வேண்டும். நீண்ட நாள் ஆள் புழங்காத காணி என்றால், மிதிவெடி அகற்றி விடுவிக்கப்பட்ட இடமா என்று கிராம அலுவலரிடம் கேட்காமல் கத்தி வைக்கக்கூடாது; அகற்றும் வேலை போர் முடிந்து இத்தனை வருடத்துக்குப் பிறகும் முற்றாக முடியவில்லை. புடையன் பாம்பு சருகுக்குள் சுருண்டு கிடந்தால் மிதிக்கும்வரை தெரியாது, அதனால் சப்பாத்து, தடி, குப்பையைக் கையால் அள்ளாமல் இருப்பது. மூன்றாவது எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலும் தண்ணீரிலும் இருந்து காலில் உள்ள சின்னக் கீறல் வழியாக உள்ளே போகும். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் அது உயிர்களையே எடுத்தது. வாய்க்கால் துப்புரவு என்றால் முன்கூட்டியே பொதுச் சுகாதாரப் பரிசோதகரான பி.எச்.ஐ.யிடம் சொன்னால் தடுப்பு மாத்திரைக்கு வழி செய்வார். வேலை முடிந்து ஒரு கிழமை இரண்டு கிழமைக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் வந்தால் பனடோலோடு நிற்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய், சேற்றில் நின்றதைச் சொல்ல வேண்டும்.

பின்னேர வகுப்பை இதற்குப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் உடனே தெரியும். புலமைப்பரிசில் எழுதப்போகிற பிள்ளைக்குக் கணக்கு, சாதாரண தரப் பிள்ளைக்கு ஆங்கிலம், எழுத்துக் கூட்ட முடியாத பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து வாசிப்பு. உடம்புக்குப் பெரிய வேலை இல்லை. ஆனால் கிழமைக்குக் கிழமை அதே நாள், அதே மணி, அதே முகங்கள். கனடாவின் மேற்குப் பகுதியில் 106 உயர்பாடசாலை மாணவர்களை வைத்து ஒரு ஆய்வு செய்து 2013இல் வெளியிட்டார்கள்: ஒரு பகுதியினர் இரண்டு மாதம் கிழமைக்கு ஒருமுறை சின்னப் பிள்ளைகளோடு தொண்டு செய்தார்கள், மற்றவர்கள் காத்திருந்தார்கள். செய்தவர்களின் இரத்தத்தில் கொலஸ்ட்ரோலும் அழற்சியைக் காட்டும் அளவுகளும் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தன, அதிலும் மற்றவர் மேல் இரக்கம் கூடினவர்களிடம்தான் மாற்றம் அதிகம். உயர்தரம் முடித்துவிட்டுப் பெறுபேற்றுக்கோ வேலைக்கோ காத்திருந்து, மத்தியானம் வரை படுத்துக் கிடந்து கைத்தொலைபேசியோடு நாளைக் கழிக்கிற பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. நாலு மணிக்குக் குளித்து வெளிக்கிட ஒரு காரணம் கிடைக்கிறது, அதுவே பாதிச் சுகம்.

ஆனால் ஒன்றைத் தெளிவாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். தொண்டராசிரியர் என்று சொன்னால் வடக்கில் எல்லாருக்கும் விளங்கும். பாடசாலைகளில் ஆசிரியர் இல்லாத காலத்தில் சம்பளம் இல்லாமலோ சொற்பக் காசுக்கோ வருடக்கணக்காகப் படிப்பித்து, நிரந்தர நியமனத்துக்காகத் தெருவில் இருந்து போராடியவர்கள். அவர்களுடைய தொண்டில் வயிற்றுப்பாடு இருந்தது, எதிர்பார்ப்பு இருந்தது, ஏமாற்றமும் வந்தது. அதில் மனச்சுகம் எங்கிருந்து வரும்? ஒரு வேலை கிடைக்கும் என்று மறைமுகமாகச் சொல்லி யாராவது உங்களைத் தொண்டுக்குக் கூப்பிட்டால், அது தொண்டு இல்லை, சம்பளம் தராத வேலை. அதற்குப் போகலாமா விடலாமா என்பதை வேலை என்ற கணக்கில்தான் பார்க்க வேண்டும்.

இனி ஆச்சி வீடு. இதற்குத்தான் நான் கூடுதல் இடம் கொடுக்கப் போகிறேன், ஏனென்றால் இதற்கு ஆள் கூப்பிடுகிற சங்கம் குறைவு. பிள்ளைகள் வெளிநாட்டில், அல்லது கொழும்பில், அல்லது போரில் இல்லாமல் போனார்கள். காசு சில வீடுகளில் வரும், பேச்சுத்துணை வராது. போய் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். கிளினிக் கொப்பியை வாங்கிப் பாருங்கள், வேலை தானாக வரும். நான் போகிற வீட்டில் ஆச்சிக்கு பிரஷரும் சலரோகமும். ஆஸ்பத்திரியில் தருகிற சின்னக் காகித உறைகளில் எத்தனை குளிசை, எப்போது என்று ஆங்கில எழுத்தில் கிறுக்கி இருக்கும், அவருக்கு ஆங்கிலமும் தெரியாது, அந்தக் கிறுக்கலைக் கண்ணும் பிடிக்காது. இரவுக்குரியதைக் காலையில் போட்டுவிட்டுத் தலைச்சுற்றோடு கிணற்றடிக்குப் போயிருக்கிறார். மருந்து கொடுக்கிற இடத்தில் ஒருமுறை விளக்கம் கேட்டு, காலை உறையில் சூரியனும் இரவு உறையில் பிறையும் தடித்த பேனையால் கீறிக் கொடுத்தேன், இரண்டு வேளையும் போடுகிறதில் இரண்டும். அவ்வளவுதான். அடுத்தமுறை பக்கத்து வளவு அப்புவும் தன் உறைகளைக் கொண்டுவந்து, "தம்பி, எனக்கும் உந்த நிலாவைக் கீறிவிடு" என்று நின்றார்.

இந்தத் தொண்டில் வெளிக்குத் தெரிய ஒன்றும் இல்லை. படம் எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. ஆனால் போகாத கிழமை, "என்ன, போன சனி காணேல்லை" என்று கேட்க ஒருவர் இருக்கிறார், ஊரில் எனக்கும் அப்படிக் கேட்க ஒருவர் வேண்டியிருந்தது. அமெரிக்காவில் 50 வயது தாண்டிய ஏறக்குறைய 13,000 பேரைப் பின்தொடர்ந்து 2020இல் வெளியான ஆய்வில், வருடத்துக்கு 100 மணி நேரமாவது தொண்டு செய்தவர்களுக்கு இறக்கும் அபாயமும் உடம்பு முடங்கும் அபாயமும் குறைவாக இருந்தன, தனிமை உணர்வும் குறைவு. கணக்குப் பார்த்தால் கிழமைக்கு இரண்டு மணி நேரம்தான். அதே ஆய்வில் சலரோகம், உயர் இரத்த அழுத்தம், இருதய நோய் போன்றவற்றில் வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தொண்டு செய்கிறேன் என்று குளிசையை நிறுத்துகிறவர்கள் உண்டு, நிறுத்தாதீர்கள். இன்னொன்று, நல்ல உடம்போடு இருக்கிறவர்களே தொண்டுக்கு அதிகம் வருகிறார்கள் என்பதால் இப்படியான ஆய்வுகளில் எது காரணம், எது விளைவு என்று முழுதாகப் பிரிப்பது கஷ்டம். அதனால்தான் யார் செய்வது, யார் காத்திருப்பது என்று சீட்டுப் போட்டதுபோல் பிரித்துச் செய்த அந்தக் கனடா ஆய்வு எனக்குக் கூடுதல் பெறுமதியாகத் தெரிகிறது.

பாரமும் இதில்தான் அதிகம். கதை எங்கே தொடங்கினாலும் 2009இல் போய் நிற்கலாம். யாரை இழந்தீர்கள் என்று நாமாகக் கேட்கக்கூடாது, அவர்களாகச் சொன்னால் இடையில் வெட்டவும் கூடாது. கேட்டுவிட்டு வந்த இரவு நித்திரை வராமலும் போகும், அதுவும் நீங்களே அந்த நாட்களைக் கடந்து வந்தவர் என்றால். உங்கள் மனமே ஆறாமல் இருக்கிற காலத்தில் இந்தத் தொண்டை எடுக்காதீர்கள். முதலில் ஆஸ்பத்திரி உளநலப் பிரிவுக்குப் போங்கள், அல்லது மனநல உதவி எண்ணான 1926க்கு அழைத்துக் கதையுங்கள். பிள்ளைகளோடு இருக்கிற வகுப்போ மண்வெட்டி வேலையோ அப்படியான காலத்துக்கு இதமானது. அப்புறம் காசு விஷயம். வங்கி அட்டை, இரகசிய எண், உதவிப்பணம் எடுத்துத் தருவது, இவற்றில் தனியாகக் கை வைக்காதீர்கள், உறவுக்காரர் ஒருவரோ சமூக சேவை உத்தியோகத்தரோ அறிய மட்டும் செய்யுங்கள். நல்ல மனதோடு செய்த உதவியே பிறகு ஊர்க்கதையாகிவிடும்.

இரத்ததானத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 18 வயதிலிருந்து 60 வரை, எடை 50 கிலோவுக்குக் குறையாமல், நான்கு மாத இடைவெளியில் கொடுக்கலாம். இலங்கையில் 2014இலிருந்து முழு இரத்தமும் காசு வாங்காமல் கொடுப்பவர்களிடம் இருந்துதான் வருகிறது, அதனால் கொடுக்கக்கூடியவர் கொடுக்கவே வேண்டும். பலனில் இதற்கு நிகர் இல்லை, ஆனால் வருடத்தில் மூன்று காலைகள்தான், அன்றாடச் சுகத்துக்கு இது போதாது. கோயில் தொண்டும் அப்படியே. வைகாசியில் முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு நடந்து வருகிற சனத்துக்கு மோர் வார்க்கிற பின்னேரத்தின் நிறைவு பெரியது, பத்து நாளில் வடிந்துவிடும்.

உனக்கு எது இல்லையோ அதைத் தேடு என்று நான் சொல்வது சுயநலம் இல்லையா என்று ஒரு அண்ணா கேட்டார். நியாயமான கேள்வி. அமெரிக்காவின் விஸ்கொன்சினில் 1957இல் பாடசாலை முடித்தவர்களை வைத்து 2012இல் வந்த ஒரு ஆய்வு, மற்றவருக்காகத் தொண்டு செய்தவர்கள் கூடுதல் நாள் உயிரோடு இருந்ததையும், தங்கள் நன்மைக்காகச் செய்தவர்களுக்குச் செய்யாதவர்களைவிட வித்தியாசம் இல்லாததையும் காட்டியது. இதைத் தள்ளிவிட முடியாது. நான் விளங்கிக்கொண்டது இப்படி: எந்தப் படலைக்குள் போவது என்று தேர்ந்தெடுக்கும்வரை உங்களைப் பற்றி யோசிக்கலாம், உள்ளே போன பிறகு ஆச்சியின் குளிசையைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும். பொருந்தாத தொண்டை எடுத்து மூன்றாம் கிழமை விட்டுவிட்டுப் போகிறவரால் இரண்டு பக்கத்துக்கும் நன்மை இல்லை.

ஆகவே கந்தோர்க்காரருக்கு நான் சொல்வது சிரமதானம், ஆனால் சங்கம் கூப்பிடும்வரை காத்திராமல் மாதத்தில் ஒரு ஞாயிறு வாசிகசாலை வளவையோ பாடசாலைத் தோட்டத்தையோ நாலு பேராகப் பொறுப்பெடுப்பது. வேலைக்குக் காத்திருக்கிற இளையவருக்கு வகுப்பு. கமக்காரருக்கும், வீட்டுக்குள் வேலையோடு வேலையாக அடைபட்டுக் கிடக்கிற அக்காமாருக்கும் ஆச்சி வீடு, முடிந்தால் இரண்டு பேராகச் சேர்ந்து. எந்த வளவில் யார் தனியாக இருக்கிறார்கள் என்று தெரியாவிட்டால் உங்கள் பிரிவு முதியோர் சங்கத்திலோ கிராம அலுவலரிடமோ கேளுங்கள், முதல் நாள் அவர்களுக்குத் தெரிந்த ஒருவரோடு போங்கள். காலபோக நெல் அருவி வெட்டுத் தொடங்கினால் கமக்காரர் யாருக்கும் பின்னேரம் இருக்காது, அதற்கு மாசி வரும்வரை பார்த்திராமல் மார்கழியிலேயே மாற்றாளைப் பிடித்து, ஒருமுறை கூட்டிப்போய் அறிமுகப்படுத்தி, எந்த உறையில் எந்தப் படம் என்று காட்டிவிட வேண்டும்.